டேட்டாபேஸை பேக்கப்பிலிருந்து மீட்கும்போது லாக் ஃபைல்களை என்ன செய்வது?

டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் நடந்த வரிசையில் எழுதி வைப்பதுதான் ட்ரான்ஸாக்‌ஷன் லாக். முழு பேக்கப், எடுத்த நேரத்து நிலையை மட்டும் தரும். அதற்கப்புறம் நடந்தவை லாக் பேக்கப்புகளில், அதாவது அந்த லாக்கின் நகல்களில் இருக்கும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட மளிகைக்கடையை நினைத்துப் பாருங்கள். ஞாயிறன்று பற்றுக் கணக்குப் பேரேட்டை நகல் எடுக்கிறார்கள். பிறகு தினமும் கடன் சிட்டைகள். வெள்ளியன்று பேரேடு மழையில் நனைந்துவிட்டால், நகலை வைத்துச் சிட்டைகளை நாள்வாரியாக ஏற்ற வேண்டும். புதன் சிட்டை தொலைந்திருந்தால் வியாழன் பாக்கி எதன்மேல் ஏறும்?

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில், நடுவில் ஒரு லாக் பேக்கப் இல்லையென்றால் மீட்பு அங்கேயே நின்றுவிடும். எல்லாவற்றையும் 'நோரெக்கவரி' (இன்னும் ஏற்ற வேண்டியது இருக்கிறது என்று சொல்லும் தேர்வு) கொடுத்து ஏற்றுங்கள், கடைசியில் மட்டும் 'ரெக்கவரி' (ஏற்றி முடித்தாயிற்று, டேட்டாபேஸைத் திற). அவசரப்பட்டு முன்பே அதைக் கொடுத்தால் அடுத்த லாக் ஏறாது. முழு பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பலர் மறப்பது இது, தயவுசெய்து மறக்காதீர்கள்: மீட்பைத் தொடங்குமுன், பழுதான டேட்டாபேஸின் லாக் ஃபைல் தப்பியிருந்தால் அதன் கடைசிப் பகுதியை பேக்கப் எடுங்கள். இன்று காலை பதிந்த விவரமெல்லாம் அதில்தான் இருக்கும்.

முழு பேக்கப் எடுத்தால் லாக் தானே காலியாகும் என்பது தவறு. ஃபுல் ரெக்கவரி முறையில் (மாற்றங்களை லாக் பேக்கப் எடுக்கும்வரை லாக்கிலேயே வைத்திருக்கும் அமைப்பில்) லாக் பேக்கப் எடுத்தால்தான் லாக்கில் அந்த இடம் மறுபடி பயன்படும்.