போலந்து அட்டையுடன் ஜெர்மனிக்குப் போகலாமா? முத்திரை மட்டும் உள்ள மனைவியை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: கும்பகோணத்தைச் சேர்ந்த நான் இரண்டு ஆண்டுகளாகப் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என்னிடம் தற்காலிகக் குடியிருப்பு அட்டை இருக்கிறது. மனைவி போலந்தின் தேசிய விசாவில் வந்தார். அது மூன்று வாரங்களுக்கு முன் முடிந்துவிட்டது. முடிவதற்கு முன்பே அவருக்கும் அட்டைக்கு விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிவிட்டோம். ஜெர்மனியின் ஹாம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு இருவரும் போய்வர ஆசைப்படுகிறோம். "ஷெங்கனுக்குள் எல்லையே கிடையாது, யாரும் கேட்கமாட்டார்கள்" என்கிறார் எனக்கு வேலை வாங்கித் தந்த ஏஜென்ட். என் அட்டையை வைத்தே ஜெர்மனியில் ஒரு பார்சல் கிடங்கில் மூன்று மாதம் வேலை செய்யலாம், 'ஏ1' என்ற தாள் போதும் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நீங்கள் தேருக்குப் போகலாம். உங்கள் மனைவி, அட்டை கைக்கு வரும்வரை, போகக் கூடாது. கிடங்கு வேலையை ஒப்புக்கொள்ளவே கூடாது. உங்கள் ஏஜென்ட் சொன்னதில் மூன்று வெவ்வேறு சட்டங்கள் குழம்பிக் கிடக்கின்றன என்பதால், மூன்றையும் தனித்தனியே விளக்குகிறேன்.

1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்பாடு இன்று 29 நாடுகளுக்கு விரிந்திருக்கிறது. அந்த உடன்பாடு எடுத்துவிட்டது எல்லைக்கோட்டில் நின்று ஒவ்வொருவரையும் சோதிக்கும் வழக்கத்தைத்தான். யார் தன் நாட்டில் தங்கலாம், யார் வேலை செய்யலாம் என்று முடிவு செய்யும் ஒவ்வொரு நாட்டின் சட்டமும் அப்படியே இருக்கிறது. போலந்துக் குடிமகன் ஒருவர் நாளைக்கே பெர்லினுக்குப் போய் வேலையில் சேரலாம் என்றால், அந்த உரிமை அவருக்கு ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையால் வருகிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்களுக்கு அண்டை நாட்டில் இருக்கும் உரிமை, உங்கள் கையிலுள்ள அட்டையால் மட்டுமே வருகிறது. சாலையில் தடுப்புக் கம்பம் இல்லை என்பதால் அந்த உரிமை கூடுவதும் இல்லை, கம்பம் திரும்ப வந்துவிட்டதால் குறைவதும் இல்லை.

ஷெங்கன் நடைமுறை உடன்படிக்கையின் 21ஆம் பிரிவின்படி, ஓர் உறுப்பு நாட்டின் செல்லுபடியாகும் குடியிருப்பு அட்டையும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர், எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்கள்வரை மற்ற உறுப்பு நாடுகளுக்குள் போய்வரலாம். தனியாக விசா வேண்டியதில்லை. போலந்தில் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் ஜெர்மனிக்கு 90, பிரான்சுக்கு 90 என்று நாட்டுக்கு நாடு தனிக் கணக்குக் கிடையாது. போலந்து தவிர்த்த எல்லா நாடுகளுக்கும் சேர்த்தே 90 நாள். அட்டை, பாஸ்போர்ட் இரண்டின் மூலப் பிரதிகளும் சட்டைப் பையில் இருக்கவேண்டும். கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டினால் அதிகாரி ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. எதற்காகப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், செலவுக்கு என்ன வழி என்று கேட்டால் பதில் சொல்ல, திரும்பும் பயணச்சீட்டையும் தங்குமிட முன்பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடும் எடுத்துக்கொள்வது நல்லது. உங்களைப் பொறுத்தவரை இவ்வளவுதான்.

உங்கள் மனைவியின் நிலை வேறு. தேசிய விசா உயிரோடு இருந்த நாட்களில் அவரும் உங்களைப் போலவே ஜெர்மனிக்குப் போயிருக்க முடியும். நீண்டகால தேசிய விசாவுக்கும் அதே 90 நாள் உரிமை 2010 முதல் உண்டு. விசா முடிந்த அன்றே அந்த உரிமையும் முடிந்தது. அவர் பாஸ்போர்ட்டில் இப்போது இருக்கும் முத்திரை, அவருடைய விண்ணப்பத்தின் மீது முடிவு வரும்வரை அவர் போலந்தில் இருப்பது சட்டப்படியானது என்பதை மட்டுமே சொல்கிறது. அது விசாவும் அன்று, குடியிருப்பு அட்டையும் அன்று. அதைக் காட்டி வேறொரு ஷெங்கன் நாட்டுக்குள் போகவும் முடியாது, போலந்தை விட்டுப் போனபின் அதைக் காட்டித் திரும்ப நுழையவும் முடியாது. முத்திரைக்குப் பதிலாகச் சான்றிதழாக ஒரு தாளைத் தந்திருந்தாலும் இதே நிலைதான். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நீங்கள் தடுக்கி விழக்கூடிய இடம் அதுதான்: அனுமதி வழங்கப்பட்டது என்று அலுவலகத்திலிருந்து வரும் முடிவுக் கடிதமும் பயணத்துக்கு உதவாது. கைரேகை கொடுத்து, அட்டை அச்சாகி, கைக்கு வந்தபிறகுதான் அவர் எல்லையைத் தாண்டலாம்.

"யாரும் கேட்கமாட்டார்கள்" என்பது உண்மையும் இல்லை. ஜெர்மனி 2015 செப்டம்பரில் ஆஸ்திரிய எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2023 அக்டோபர் 16 முதல் போலந்து எல்லையிலும், 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லாத் தரைவழி எல்லைகளிலும் நடத்துகிறது. 2025 ஜூலை 7 முதல் போலந்தும் தன் பக்கத்தில் ஜெர்மன் எல்லையில் சோதனையைத் தொடங்கியது. நீங்கள் காரில் ஓல்ஷினா வழியாகப் போனாலும், ரயிலில் ஃபிராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடர் வழியாகப் போனாலும், பேருந்தில் போனாலும், சீருடை அணிந்தவர் ஏறிவந்து பாஸ்போர்ட்டைக் கேட்பது இன்று சாதாரணம். அப்போது உங்கள் மனைவியிடம் முத்திரை மட்டும் இருந்தால், தேருக்குப் போகும் பயணம் அங்கேயே நிற்கும். உரிய ஆவணம் இல்லாமல் ஜெர்மனிக்குள் நுழைவது அந்நாட்டின் வசிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டுவரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். நடைமுறையில் திருப்பி அனுப்புவதோடு விட்டாலும், அந்தப் பதிவு நாளைக்கு அவருடைய போலந்து விண்ணப்பத்தையே கேள்விக்குள்ளாக்கலாம். அதிர்ஷ்டவசமாக யாரும் கேட்காமல் போய்வந்தாலும், பிடிபடாமல் இருந்தது அனுமதி ஆகிவிடாது.

இந்தச் சோதனைகளைப் பற்றி எனக்கு மனவருத்தம் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. தற்காலிகம் என்று தொடங்கிய சோதனை பத்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஸ்லோவேனியாவிலிருந்து ஆஸ்திரியாவுக்குள் வந்த ஒருவர் ஸ்பீல்ஃபெல்டில் பாஸ்போர்ட்டைக் காட்ட மறுத்து, விதிக்கப்பட்ட 36 யூரோ அபராதத்தை எதிர்த்து ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போனார். அதே அச்சுறுத்தலைக் காரணம் காட்டி ஆறு மாதத்துக்கு மேல் சோதனையை நீட்டிக்க முடியாது என்று 2022 ஏப்ரல் 26 அன்று அந்த நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அரசுகள் சோதனையைக் கைவிடவில்லை. காரணத்தைப் புதிதாக எழுதி ஆறாறு மாதமாக நீட்டின, 2024இல் விதியையே திருத்தி இரண்டு ஆண்டுகளுக்கும் அதற்கு மேலும் இடம் வைத்துக்கொண்டன. 2022இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ரயிலில் நடந்த ஒரு ஜெர்மன் சோதனை சட்டவிரோதமானது என்று பவேரிய நிர்வாக மேல்நீதிமன்றம் 2025 மார்ச்சில்தான் சொன்னது. நீதிக்குக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு ஆகிறது. உங்கள் பேருந்துக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. ஆகவே எல்லையில் நின்று சட்டம் பேசவேண்டாம்.

அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று பொருளில்லை. செக் குடியரசிலிருந்து ஜெர்மனிக்குள் நுழைந்த ரயிலில், 2012இல், மகளுடன் அமர்ந்திருந்த இந்திய வம்சாவளி ஜெர்மானியரான பாசு என்பவரைப் போலீசார் சோதித்தனர். நிறத்தைப் பார்த்துத்தான் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற அவருடைய புகாரை ஜெர்மனி முறையாக விசாரிக்கவில்லை என்பதே மனித உரிமை மீறல் என்று ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உங்கள் பெட்டியிலும் உங்களை மட்டும் எழுப்பிச் சோதித்தால், அட்டையைக் காட்டுங்கள், காரணத்தைப் பணிவாகக் கேளுங்கள், ரயில் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், புகாரைப் பிறகு எழுத்தில் கொடுங்கள். புரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது கிடங்கு வேலை. 90 நாள் உரிமை என்பது போய்வரும் உரிமை. அதில் வேலை செய்யும் உரிமை ஒரு நாளுக்குக்கூடக் கிடையாது. உங்கள் போலந்து அனுமதி போலந்தில், அதில் பெயர் குறித்த முதலாளியிடம் வேலை செய்வதற்கானது. 'ஏ1' என்பது, உங்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சந்தா எந்த நாட்டில் கட்டப்படுகிறது என்று காட்டும் சான்று மட்டுமே. அதை வேலை அனுமதி என்று சொல்லி விற்பது, ரேஷன் கார்டைக் காட்டி ஓட்டுநர் உரிமம் என்று சொல்வதற்குச் சமம். ஜெர்மனியில் கறுப்பு வேலையைக் கண்காணிப்பது சுங்கத் துறை. பார்சல் கிடங்குகளும் கட்டுமான இடங்களும்தான் அவர்கள் அடிக்கடி நுழையும் இடங்கள். பிடிபட்டால் தொழிலாளிக்கே 5,000 யூரோவரை அபராதம் விதிக்கலாம். அதற்கும் மேலாக, நுழைவுத் தடை விதித்து ஷெங்கன் தகவல் தொகுப்பில் ஏற்றிவிட்டால், 29 நாடுகளின் எல்லா அதிகாரிகளின் திரையிலும் உங்கள் பெயர் வரும்; போலந்து அட்டையும் போகலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜென்ட்டுகள் அதைத்தான் வளைத்துப் பேசுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்லவேண்டும். வாண்டர் எல்ஸ்ட் என்ற பெல்ஜியத்துக்காரர் கட்டடம் இடிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்தினார். அவரிடம் பெல்ஜிய வேலை அனுமதியோடு நிரந்தரமாக வேலை செய்துவந்த மொராக்கோ நாட்டவர் சிலரை, பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் ஒரு மாதப் பணிக்கு அனுப்பினார்; பிரெஞ்சு வேலை அனுமதி இல்லை என்று பிரான்சு அபராதம் கேட்டது. ஒரு நாட்டில் முறையாக வேலை செய்பவரை, அவருடைய முதலாளி தன் ஒப்பந்தப் பணிக்காக இன்னொரு நாட்டுக்கு அனுப்பும்போது, அங்கே மறுபடியும் வேலை அனுமதி கேட்கக் கூடாது என்று 1994இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிறுவனம் உண்மையானது, அதற்குச் சொந்த நாட்டிலும் தொழில் இருந்தது. ஆட்கள் ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள். போன இடத்தில் வேலை முடிந்ததும் திரும்பிவிட்டார்கள். முதலாளி மாறவில்லை, சம்பளம் கொடுத்தவர் மாறவில்லை. உங்களை அனுப்புவதாகச் சொல்பவரோ உங்கள் முதலாளியே இல்லை. உங்கள் தொழிற்சாலைக்கும் அந்தக் கிடங்குக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. உண்மையிலேயே தகுதியுள்ளவர்களும்கூட, புறப்படுவதற்கு முன்பே போலந்திலுள்ள ஜெர்மன் தூதரகத்தில் இதற்கென்றே உள்ள, வாண்டர் எல்ஸ்ட் விசா என்றே அழைக்கப்படும், விசாவை வாங்கவேண்டும். "அந்த விசா எங்கே? எந்த நிறுவனத்தின் பெயரில்? எழுத்தில் கொடுங்கள்" என்று உங்கள் ஏஜென்ட்டிடம் கேளுங்கள். பேச்சை மாற்றினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

இந்த ஆட்களைப் பற்றி நான் கடுமையாகப் பேசுவதாக நினைக்கவேண்டாம். "போலந்து வழியாக ஜெர்மனி" என்று ஊரில் பேசி, நிலத்தை அடகு வைத்த பணத்தை வாங்கிக்கொண்டு, இங்கே வந்தபின் வேறொரு நிறுவனத்தில் இறக்கிவிடுவதே இவர்களில் பலருடைய தொழில். விசா வழங்கலில் லஞ்சம் புகுந்த விவகாரம் 2023இல் போலந்து அரசையே உலுக்கி, தூதரகப் பணிகளுக்குப் பொறுப்பான துணை வெளியுறவு அமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். விளைவு என்ன? நேர்மையாக விண்ணப்பித்தவர்கள்மீதும் சந்தேகம் விழுந்தது, எல்லையில் சோதனை கூடியது. பாஸ்போர்ட்டை "பத்திரமாக" வைத்துக்கொள்கிறேன் என்று கேட்பவரிடம் எக்காரணத்தைக் கொண்டும் கொடுக்காதீர்கள். மனைவியின் அட்டையை "வேகப்படுத்த" பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கோப்பு வரிசையில் முன்னே நகர்வதற்கான சட்டப்படியான கட்டணம் எதுவும் இல்லை. ஓர் அட்டைக்காகக் குடும்பங்களை மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டுக்கும் மேலாக, முத்திரையோடு கட்டிவைக்கும் அலுவலகத் தாமதம்தான் இந்தத் தரகர்களுக்குச் சோறு போடுகிறது என்பதை அந்த அலுவலகங்களை நடத்துபவர்கள் என்றைக்காவது உணரவேண்டும்.

உங்கள் மனைவி இப்போது செய்யவேண்டியவை: விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, எந்த ஆவணமாவது குறைகிறதா, கைரேகை பதிவாகிவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். குறையைத் தெரிவித்து வரும் கடிதத்துக்குக் கெடுவுக்குள் பதில் போகாததால் கிடப்பில் போன கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீடு மாறியிருந்தால் புதிய முகவரியைத் தெரிவித்துவிடுங்கள். ஹாம் கோயில் தேர் ஆண்டுதோறும் கோடையில் ஓடும். இந்த ஆண்டு நீங்கள் மட்டும் போய், அடுத்த ஆண்டு அட்டையோடு இருவருமாகப் போகலாம்.

இடையில் ஊரில் ஓர் அவசரம் என்று அவர் இந்தியாவுக்குக் கிளம்ப நேர்ந்தால், திரும்பி வரப் புதிதாகப் போலந்து விசா வாங்கவேண்டியிருக்கும் என்று தெரிந்தே கிளம்பவேண்டும். அப்போதும் விலை குறைவு என்று ஃபிராங்க்ஃபர்ட்டிலோ மியூனிக்கிலோ மாறும் விமானத்தில் சீட்டு எடுக்காதீர்கள், ஏனென்றால் அங்கே அவர் ஷெங்கனுக்குள் இன்னொரு நாட்டில் இறங்கியவர் ஆகிவிடுவார். வார்சாவிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாகப் போகும் விமானத்தில் எடுத்தால், அவர் கடக்கவேண்டிய ஒரே ஐரோப்பியக் கவுண்டர் போலந்துடையதாக இருக்கும். அங்கே அந்த முத்திரை செல்லும்.