நோயையும் மருந்தையும் சேர்த்துப் படிப்பது: ஒரு மாணவியின் கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

செவிலியர் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நோய் உடலில் எப்படி உண்டாகிறது என்று சொல்லும் நோயுடலியங்கியலும் மருந்தியலும் ஒரே பருவத்தில் வருகின்றன. புத்தகமும் வேறு, ஆசிரியரும் வேறு. மருந்தின் பெயர், வகை, அளவு, பக்கவிளைவு, செவிலியர் கவனிக்க வேண்டியவை என்று அட்டைகள் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஆனால் தேர்வறையில் நான்கு விடைகளும் சரியாகவே தோன்றுகின்றன. நோய் எப்படி உண்டாகிறது என்பதெல்லாம் மருத்துவருக்கான பாடம், மருந்தின் பெயர் எப்படி முடிகிறது என்று தெரிந்தால் நமக்குப் போதும் என்கிறார்கள் சீனியர்கள். வார்டு டியூட்டி முடிந்து வந்தால் இரண்டு மணி நேரம்கூடப் படிக்கக் கிடைப்பதில்லை. எதை முதலில் படிப்பது, எதை விடுவது?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அட்டைகளில் பிழை எதுவும் இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு மருந்து உடலில் எந்த நிகழ்வில் வந்து குறுக்கிடுகிறது என்று தெரியாமல் அதன் செயலை மட்டும் எழுதிவைத்தால், அட்டையில் இருப்பது விடை மட்டுமே. அதற்குரிய கேள்வி இன்னொரு புத்தகத்தில் கிடக்கிறது. ஆகவே, பாடத்திட்டம் எந்த வாரத்தில் எதை வைத்திருந்தாலும், ஒரு நோயையும் அதற்கான மருந்துகளையும் ஒரே மாலையில் படியுங்கள். நோயை முதலில் படியுங்கள். மருந்து அதன் தொடர்ச்சியாக வரட்டும்.

இதயச் செயலிழப்பை எடுத்துக்கொள்வோம். இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைவதால் சிறுநீரகத்துக்கு வந்து சேரும் இரத்தமும் குறைகிறது. உடலில் நீர் வற்றிவிட்டது போலவே சிறுநீரகம் நடந்துகொண்டு ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் வழியே உண்டாகும் ஆஞ்சியோடென்சின் 2 இரத்தக்குழாய்களைச் சுருக்குவதோடு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் சுரக்கச் செய்கிறது. ஆல்டோஸ்டிரோன் சோடியத்தையும் அதனுடன் நீரையும் தேக்கிக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. இரத்தம் இழந்தவரின் உயிரைக் காக்கும் இந்த ஏற்பாடு, தளர்ந்த இதயத்தின் மீது மேலும் சுமையை ஏற்றுகிறது. கால் வீங்குகிறது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது, நோயாளியால் மல்லாந்து படுக்க முடிவதில்லை.

இனி மருந்துகளை இதன் மேல் வைத்துப் பாருங்கள். எனலாப்ரில், ஆஞ்சியோடென்சின் 2ஐ உருவாக்கும் நொதியைத் தடுக்கிறது. குழாய்கள் விரிவதால் முதல் வேளைக்குப் பிறகு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம்; ஆல்டோஸ்டிரோன் குறைவதால் பொட்டாசியம் உடலிலேயே தங்கி ஏறலாம். எனலாப்ரில் தடுக்கும் அதே நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது என்பதால், பிராடிகைனின் சேர்ந்து வறட்டு இருமல் வருகிறது. இந்த மூன்று பக்கவிளைவுகளும் மருந்தின் அந்த ஒரே செயலிலிருந்து கிளைப்பவை. ஃபுரோசமைடு சிறுநீரக நுண்குழாயிலுள்ள ஹென்லி வளைவின் ஏறு பகுதியில் வேலை செய்து நீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது. ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனின் வேலையையே தடுப்பதால் பொட்டாசியம் வெளியேறாமல் நிற்கிறது. சிறுநீரைப் பெருக்கும் இவ்விரு மருந்துகளும் பொட்டாசியத்தில் எதிரெதிராக நடப்பதுதான் மாணவர்களை மிகவும் குழப்புகிறது. ஆல்டோஸ்டிரோன் என்ன செய்கிறது என்று தெரிந்தவருக்கு அதில் குழம்ப எதுவுமில்லை.

இதயத் துடிப்பை வலுப்படுத்தும் டைஜாக்சின் இந்தத் தொடரில் தனியாக நிற்பதுபோல் தோன்றும், ஆனால் அதுவும் பொட்டாசியத்தோடு பிணைந்ததே. இதயத் தசைச் செல்லின் சவ்விலுள்ள சோடியம் பொட்டாசியம் பம்பில், பொட்டாசியத்தோடு போட்டியிட்டுத்தான் டைஜாக்சின் ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் போட்டி குறைகிறது. வழக்கமான அளவே நஞ்சாகிவிடக்கூடும். உங்கள் ஃபுரோசமைடு அட்டையில் ‘பொட்டாசியம் குறையும்’ என்று இருக்கும், டைஜாக்சின் அட்டையில் ‘பொட்டாசியம் பார்க்கவும்’ என்று இருக்கும். இரண்டையும் இணைக்கும் வரி எந்த அட்டையிலும் இருக்காது. தேர்வில் கேட்கப்படுவதோ பெரும்பாலும் அந்த வரிதான்.

நான்கு விடைகளும் சரியாகத் தோன்றுகின்றன என்றீர்கள். இப்படி ஒரு கேள்வியை வைத்துக்கொள்வோம். டைஜாக்சினும் ஃபுரோசமைடும் எடுத்துவரும் நோயாளி, சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்கிறார். பொட்டாசியம் லிட்டருக்கு 3.0 மில்லிமோல். ஸ்டெதாஸ்கோப்பை இதய நுனியில் வைத்து முழு நிமிடம் எண்ணினால் துடிப்பு 52. செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? உணவைச் சிறுசிறு அளவாகக் கொடுப்பதா, குமட்டலுக்கு ஏற்கெனவே எழுதப்பட்டுள்ள மருந்தைக் கொடுப்பதா, பொட்டாசியம் மிகுந்த உணவுகளைப் பற்றி எடுத்துச் சொல்வதா, அடுத்த வேளை டைஜாக்சினைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிப்பதா? நான்கும் வார்டில் நடப்பவைதான். ஆனால் குமட்டல், பசியின்மை, குறைந்த துடிப்பு, குறைந்த பொட்டாசியம் ஆகியவற்றை ஒரே கதையாகப் படிக்கத் தெரிந்தவருக்கு, நான்காவதைத் தவிர மற்ற மூன்றும் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கும்போது நேரம் போக்குவதாகத் தெரியும். குமட்டலை அடக்கிவிடும் இரண்டாவது விடையோ, எச்சரிக்கை மணியையே நிறுத்துவது போன்றது.

சீனியர்கள் சொல்வது பொய்யல்ல. உலக சுகாதார நிறுவனம் பொதுப்பெயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வகை மருந்துகளுக்கு ஒரே ஈற்றை வைப்பதால், ‘பிரில்’, ‘சார்டன்’, ‘ஓலால்’ என்று கண்டவுடன் வகையைச் சொல்லிவிடலாம். ஆனால் அதையே நம்பினால் வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோலையும் மனநோய்க்கான அரிபிப்ரசோலையும் உறவாக்கிவிடுவீர்கள். புரோப்ரனலாலும் மெட்டோபுரோலாலும் ஒரே ஈறு கொண்ட பீட்டா தடுப்பான்கள்தாம்; எனினும் புரோப்ரனலால் மூச்சுக்குழாயிலுள்ள பீட்டா 2 ஏற்பிகளையும் அடைத்துவிடுவதால் ஆஸ்துமா நோயாளிக்கு அது கூடுதல் ஆபத்து. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இந்த வகை மருந்துகள் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. இதையெல்லாம் பெயரின் கடைசி எழுத்துகள் சொல்லித் தராது.

நோயுடலியங்கியல் மருத்துவருக்கான பாடம் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மருத்துவர் எழுதிவிட்டுப் போன பிறகு அடுத்த எட்டு மணி நேரம் நோயாளியின் அருகில் இருக்கப்போவது நீங்கள். நீரிழிவில் கீட்டோன் மிகுந்து அமிலத்தன்மை ஏறிய நிலையில் வருபவரின் உடலில் பொட்டாசியம் மொத்தத்தில் குறைந்திருந்தும், இரத்தப் பரிசோதனையில் அது இயல்பாகவோ கூடுதலாகவோ தெரியலாம். இன்சுலின் ஏற ஏறப் பொட்டாசியம் செல்லுக்குள் நுழைந்து இரத்தத்தில் மளமளவென்று இறங்கும். சர்க்கரை குறைவதைக் கண்டு நிம்மதியடையாமல் பொட்டாசியத்தையும் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரையும் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது, காரணம் தெரிந்த செவிலியருக்குத்தான் நினைவில் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் தேடி நேரத்தைக் கரைக்கவும் வேண்டாம். பொட்டாசியத்தின் இயல்பு அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை; மார்ஃபினுக்கு நலாக்சோன், ஹெப்பரினுக்குப் புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே என்ற முறிமருந்துகள். இவற்றை மனப்பாடம் செய்துவிடுவதே சுலபம். அட்டைகளை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் போதுமா என்றால், அதை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் ஒரு மணி நேரம் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, இதயத்தில் தொடங்கிக் கால் வீக்கம் வரைக்கும் உள்ள தொடரை வெற்றுத்தாளில் எழுதி, ஒவ்வொரு மருந்தும் எந்தக் கண்ணியை வெட்டுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும்போது எல்லாம் தெரிந்தது போலிருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கே தொடங்குவது என்றால், நீரும் உப்புகளும் பற்றிய பாடத்தை முதலில் முடித்துவிடுங்கள், ஏனெனில் பொட்டாசியம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் திரும்ப வரும். அதன் பிறகு இதயம், சிறுநீரகம், நீரிழிவு என்று போகலாம். நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மருந்து குறுக்கிடுவது நோயாளியின் உடலில் அல்ல, கிருமியின் உடலில் என்பதால், இந்த முறையைச் சற்று மாற்றிக் கிருமியின் செல்சுவரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அன்புடன்