சுவர்க்கோழிக்கு என்ன தீனி?

வணக்கம் அக்கா,

கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன், ஓசூரில் வேலை. வெளிநாடு சென்ற நண்பர் தன் பியர்டட் டிராகனை (ஓணான் வகைச் செல்லப் பிராணி) என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எட்டு மாதக் குட்டி. தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால் அதற்குப் போடும் உயிருள்ள பூச்சிகளை என்னால் தொட முடியவில்லை. சுவர்க்கோழிகள் பெங்களூரிலிருந்து டப்பாவில் வருகின்றன. மூடியைத் திறந்தாலே நாற்றம் குடலைப் புரட்டுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கூண்டுக்குள் கவிழ்த்துவிடுகிறேன். டப்பாவில் மிஞ்சுவதில் நான்காம் நாள் பாதி செத்துக் கிடக்கும். மாவுப்புழு வாங்கினேன், அது நெளிவதைப் பார்த்ததும் குமட்டியது. என் பாட்டி பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்த்தவர். அந்தப் புழு வளர்ப்பு மனைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. இப்போது எங்களோடு இருக்கிறார். டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் “அதுக்கு என்ன தீனி போடற?” என்று கேட்கிறார், வயதானவருக்கு எப்படி விளக்குவது என்று விட்டுவிட்டேன். இது ஃபோபியாவா? காய்ந்த பூச்சி மட்டும் போட்டால் போதாதா? வயலில் பிடிக்கும் வெட்டுக்கிளியைப் போடலாமா? இதற்குப் பழகிக்கொள்ள வழி இருக்கிறதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

போன வாரம் மாரண்டஅள்ளிக்கு அருகே உள்ள எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது, பரணிலிருந்து ஒரு மூங்கில் சந்திரிகையை இறக்கினோம். பட்டுப்புழு கூடு கட்டுவதற்காக மூங்கில் தட்டில் சுருள் சுருளாகப் பின்னியிருப்பார்களே, அதுதான். சுருள்களின் இடுக்கில் நூல் பிசிறுகள் இன்னும் ஒட்டியிருந்தன. விறகுக்குப் போட்டுவிடலாமா என்று அண்ணன் கேட்டார், நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது சுவரில் சாய்ந்திருக்கும் அறையில் உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இருப்பது ஃபோபியா அல்ல, பழக்கமின்மை என்றே தோன்றுகிறது. ஆனால் பூச்சிகளைக் கையாண்ட பிறகு தோல் தடித்தாலோ மூச்சு இரைத்தாலோ, குறிப்பாக இறால் ஒவ்வாதவராக நீங்கள் இருந்தால், மருத்துவரைப் பாருங்கள். காய்ந்த பூச்சியில் நீர்ச்சத்து இல்லை. வளரும் குட்டி அசையும் இரையைத்தான் துரத்தி உண்ணும், ஆகவே அது மட்டும் போதாது. வயல் வெட்டுக்கிளி வேண்டவே வேண்டாம். ராயக்கோட்டைத் தக்காளியிலும் ஓசூர் ரோஜாவிலும் அடிக்கிற மருந்து அதன் வயிற்றில் இருக்கும். பக்கத்து வயலில் மருந்து அடித்த நாளில் எங்கள் அம்மா மல்பெரித் தழை அறுக்கவே மாட்டார், காற்றில் வந்து படிந்தது போதும், மனை முழுவதும் போய்விடும். அதே காரணத்தால், ஊர்ப் பக்கம் யாரிடமாவது பட்டுப்புழு வாங்கிப் போடலாம் என்றும் நினைக்காதீர்கள். மென்மையான, நல்ல இரைதான். ஆனால் நோய் வராமலிருக்கப் படுக்கையில் சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும் தூவியிருப்பார்கள்.

இனி நான் கோபப்படப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். “நான்காம் நாள் பாதி செத்துக் கிடக்கும்” என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் மாவுப்புழுவுக்குப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரியில்தான் உங்கள் சிக்கல் முழுவதும் இருக்கிறது, தம்பி. உங்கள் குடலைப் புரட்டுகிற நாற்றம் சுவர்க்கோழியின் இயல்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். காற்றோட்டமில்லாத டப்பாவில், தங்கள் எச்சத்தின் ஈரத்திலேயே நின்று, பசியிலும் தாகத்திலும் ஒன்றையொன்று கடித்துத் தின்று செத்தவை அழுகுகிற நாற்றம் அது. உலர்ந்த, காற்றோடும் பெட்டியில் வைத்து, செத்தவற்றை அன்றன்றைக்கு எடுத்துப்போட்டால் இந்த வீச்சம் இருக்காது. நீங்களே உண்டாக்கிய ஒன்றைக் கண்டு நீங்களே அருவருக்கிறீர்கள்.

எனக்கும் அருவருப்பு இருந்தது. கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலம் அது, 2004-இல்தான் பிரித்தார்கள். எங்கள் மனையில் ஒரு வளர்ப்புக்கு 100 முட்டைத் தொகுதி வைப்போம், 40,000 புழுக்களுக்குக் குறையாது. எறும்பைவிடச் சிறிதாகப் பொரிந்து வருவது நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாளில் தன் எடையைப் போலப் பத்தாயிரம் மடங்காகிவிடும். கடைசி வாரத்தில் இரவிலும் தழை போட வேண்டும். அதன் பிறகு புழு பழுக்கும். உடல் கண்ணாடிபோல ஆகி, தலையைத் தூக்கி இடம் தேடும். அந்த நேரத்தில் வீட்டில் உள்ள எல்லோரும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும், பழுத்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகையில் விட வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. புழு கையில் படும் குளிர்ச்சி எனக்குத் தாங்கவில்லை. யாரும் பார்க்காதபோது இரண்டு மூங்கில் குச்சிகளை எடுத்து, அவற்றால் இடுக்கி இடுக்கிப் போட்டேன்.

அம்மா அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தார். நான் போட்ட தட்டில் ஏழெட்டுப் புழுக்கள் மஞ்சள் நீர் கசிந்து கிடந்தன. திட்டுவார் என்று நின்றேன். குச்சிகளை வாங்கி அடுப்புப் பக்கம் எறிந்தார். என் கையைப் பிடித்து, தழை விளிம்பில் இருந்த ஒரு புழுவின் தலைக்கு முன்னால் என் விரலை வைத்தார். “கையில எடு பாப்பா. குச்சிக்கு உசுரு தெரியாது.” புழு தானாக ஏறி வந்தது. அதன் வயிற்றுக் கால்களில் சின்னஞ்சிறு கொக்கிகள் உண்டு, அவற்றால் விரலைப் பிடித்துக்கொண்டது. பிடுங்கி எடுத்தால் கால் அறுந்துவிடும், வேறொன்றைக் காட்டினால் தானே அதற்கு மாறிக்கொள்ளும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தார். அன்று விடியும்வரை பொறுக்கினேன். எந்தப் புழுவில் என் அருவருப்பு போனது என்று சொல்லத் தெரியவில்லை, அடுத்த புழு கூடு கட்ட இடம் கிடைக்காமல் திரிகிறதே என்ற பதற்றத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

அந்தப் புழுக்கள் சாவதற்குத்தான் வளர்க்கப்பட்டன என்பதை அம்மா அறிவார். தர்மபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் வாங்குபவர்கள் கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே கூட்டுப்புழு தட்டுகிற ஓசையைக் கேட்டுத் தரம் சொல்வார்கள். பிறகு அது கொதிநீருக்குப் போகும், நூலெடுத்த பின் மிஞ்சும் கூட்டுப்புழு மீனுக்கும் கோழிக்கும் தீவனமாகும். இதெல்லாம் தெரிந்த அம்மாதான், கை கழுவாமல் யாரையும் மனைக்குள் விடமாட்டார். தோலுரிக்கும் ஒரு நாள் முழுவதும் தட்டை அசைக்க விடமாட்டார். புகையிலை போடுகிற மாமாவை வாசலிலேயே நிறுத்திவிடுவார், ஏனென்றால் அந்த நெடிகூடப் புழுவுக்கு ஆகாது. சாகப்போவதுதானே என்று ஒரு வேளைத் தழையை அவர் குறைத்ததில்லை.

உங்கள் சுவர்க்கோழிகளும் அப்படிப்பட்டவைதான். அவற்றை நீங்கள் கடையிலிருந்து வந்த பொட்டலமாக நடத்துகிறீர்கள். அவை உங்கள் பொறுப்பில் இருக்கிற உயிர்கள், சாவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளும் அவற்றின் வாழ்க்கைதான். இதில் உங்கள் செல்லப் பிராணியின் நலமும் அடங்கியிருக்கிறது. சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் குறைவு. பட்டினி கிடந்ததைப் போட்டால் குட்டி தின்பது ஏறத்தாழ பூச்சியின் வெறும் மேலோட்டைத்தான். கால்சியம் போதாத ஓணானுக்குத் தாடை மென்மையாகும், கால் வளையும், பிறகு நிமிராது. அதனால்தான், போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே பூச்சியின் வயிற்றை நல்ல தீனியால் நிரப்ப வேண்டும் என்றும், போடும்போது கால்சியத் தூளில் புரட்ட வேண்டும் என்றும் அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். கூண்டில் புற ஊதா விளக்கு இல்லையென்றால் இந்தத் தூளும் முழுப்பயன் தராது. டப்பாவை மொத்தமாகக் கவிழ்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தின்னாமல் மிஞ்சும் சுவர்க்கோழிகள் இரவில் தூங்கும் குட்டியின் விரலையும் வாலையும் கடிக்கும். தோளில் ஏற்றிக் கொஞ்சுகிற உயிரை, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வசதிக்காக இப்படி விட்டுவிடலாமா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உயரமான, வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மூடியில் சதுரமாக வெட்டி உலோக வலை ஒட்டுங்கள். உள்ளே முட்டை அட்டைகளை நிறுத்தி வையுங்கள், சுவர்க்கோழிகள் அவற்றின் குழிகளில் ஒளிந்துகொள்ளும். கோதுமைத் தவிடும் கீரையும் போடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் மூழ்கிச் சாகும், கேரட் துண்டே தாகம் தீர்க்கும். எடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு அட்டையைத் தூக்கி வேறொரு டப்பாவில் தட்டினால் வேண்டிய அளவு விழும். குட்டியின் இரு கண்களுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பெரியதைப் போடாதீர்கள். இதில் எங்கும் உங்கள் விரல் பூச்சியின்மேல் படவே வேண்டியதில்லை, தேவையானால் முனை மழுங்கிய இடுக்கியும் வைத்துக்கொள்ளலாம். குச்சியை எறிந்தவரின் மகள் இடுக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறாளே என்று கேட்காதீர்கள், அம்மா எறிந்தது நான் பார்க்காமல் இடுக்கியதற்காக. பார்த்துச் செய்யுங்கள்.

கையைப் பழக்க மாவுப்புழுதான் எளிது. அதனால் தாவவும் முடியாது, வழவழப்பான சுவரில் ஏறவும் முடியாது. தவிட்டில் விட்டுவிட்டு, அந்தத் தவிட்டுக்குள் உள்ளங்கையைத் திறந்து வைத்துக் காத்திருங்கள், நீங்கள் அதைப் பிடிக்க வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஓணானைத் தொட்ட பிறகும்தான், ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா இருக்கக்கூடும், வீட்டில் வயதானவர் இருக்கிறார்.

அந்த வயதானவரைப் பற்றி ஒன்று. “அதுக்கு என்ன தீனி போடற?” என்று அவர் கேட்டதை விளக்கிச் சொல்ல முடியாத முதுமையின் கேள்வியாக எண்ணி விட்டுவிட்டீர்கள். உங்கள் வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இன்று மாலை பெட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகு, தவிட்டையும் கேரட்டையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எவ்வளவு போட வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா