தபோரா நாணயம் என்பது என்ன? அதில் ‘15 ரூபாய்’ என்று ஏன் பொறிக்கப்பட்டுள்ளது?

இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியை உள்ளடக்கியிருந்த ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில், 1916-ஆம் ஆண்டு தபோரா நகரின் ரயில்வே பணிமனையில் அச்சடிக்கப்பட்ட பொற்காசே தபோரா நாணயம். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை கரையோரத்தை முற்றுகையிட்டதால் ஜெர்மனியிலிருந்து காசு வருவது நின்றுபோகவே, காலனி அரசு செகென்கே சுரங்கத்தின் தங்கத்தைக் கொண்டு தானே காசு அடித்துக்கொண்டது. வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்ட ஊர், கையிருப்பு நெல்லைத் தானே குத்தி உண்பதைப் போன்றதுதான் இதுவும்.

ஒரு பக்கம் ஜெர்மன் கழுகு. மறுபக்கம், மலைப் பின்னணியில் துதிக்கையை உயர்த்திப் பிளிறும் யானை. பணிமனையில் பிறந்த காசுக்கு இவ்வளவு அழகு வியப்புதான். அதே ஆண்டு செப்டம்பரில் பெல்ஜியப் படை தபோராவைக் கைப்பற்றியது. அதற்குள் அடிக்கப்பட்டவை சுமார் 16,000 காசுகளே என்பதால்தான் இது அரிதாயிற்று.

‘ரூபாய்’ என்ற சொல்லைக் கண்டு இதை இந்திய நாணயமென்று பலர் கருதிவிடுகின்றனர். இந்திய வணிகர்களால் அக்கரையில் முன்பே ரூபாய் புழங்கியதால் ஜெர்மானியர் அந்தப் பெயரை ஏற்றனரே தவிர, இக்காசை வெளியிட்டது ஜெர்மன் காலனி அரசுதான்.