கடை பேனரில் என் கல்யாணப் போட்டோ

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. காசு கொடுத்து எடுத்த முகூர்த்தப் போட்டோ இப்போது ஒரு புடவைக் கடையின் ஃப்ளெக்ஸ் பேனரில் தொங்குகிறது. கேட்டால், “போட்டோகிராபர் கொடுத்தார், உரிமை அவருடையது” என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போடலாம், அம்மா. கடைக்காரர் சொல்வது பாதிதான் சரி. பொதுவாக எடுத்தவருக்குத்தான் உரிமை. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இது. அதனால் முதலில் ஸ்டூடியோ பில்லைத் தேடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்’ என்று இருந்து, கீழே கையெழுத்தும் இருந்தால் கொஞ்சம் சிக்கல். பில் அப்பா பெயரில் இருக்கிறதா? அப்படியானால் காப்புரிமை வழக்கை அவர் பெயரில் போடுவதே நல்லது. (பெரும்பாலும் பந்தல் முதல் பால் வரை எல்லா பில்லும் அப்பா பெயரில்தானே!)

முகம் உங்களுடையது என்பதால் உங்களுக்கும் தனி வழி உண்டு. சம்மதமின்றி ஒருவரது உருவத்தை விளம்பரத்தில் போடுவது அந்தரங்க உரிமை மீறல் என்று 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பேனரைக் கழற்றுவதற்குள், இடம் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அப்புறம் கடை, ஸ்டூடியோ இரண்டுக்கும் வக்கீல் நோட்டீஸ். பல பேர் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். மசியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் தடை உத்தரவும் நஷ்ட ஈடும் கேட்கலாம். அதுவரை ஃபேஸ்புக்கில் கடைக்காரரைத் திட்டி எழுதாதீர்கள். அவதூறு என்று அவர் உங்கள் மேல் திருப்பிவிடுவார்.