‘வலப்பக்கம் போ’ என்றால் யாருடைய வலம்?

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நாடகம் பழக்குகிறேன். வலப்பக்கம் போ என்றால் பாதிப் பேர் இடப்பக்கம் போகிறார்கள். நிற்பதும் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல் ஒரே வரிசை. இதே நாடகத்தை ஊர்த் திடலிலும் போட வேண்டும். அங்கே மூன்று பக்கமும் ஆட்கள் உட்காருவார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகள் மேல் தப்பில்லை. நீங்கள் கீழே உட்கார்ந்து உங்கள் வலத்தைச் சொல்கிறீர்கள். எதிரே நிற்கிற பிள்ளைக்கு அது இடம். பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலக்கைப் பக்கம்தான் மேடை வலம். அவர் முதுகைக் காட்டித் திரும்பினாலும் அது மாறாது. மனதுக்குள் திருப்பிப் போட்டுச் சொல்ல வேண்டியவர் இயக்குநர்தான்.

பார்வையாளருக்கு அருகே இருப்பது டவுன்ஸ்டேஜ், தள்ளி இருப்பது அப்ஸ்டேஜ். பழைய ஐரோப்பிய அரங்குகளில் மேடை பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்திருக்கும். அதனால் வந்த பெயர். பிள்ளைகளுக்கு முன்மேடை, பின்மேடை என்றாலே போதும். சாக்பீஸால் ஒன்பது கட்டம் போட்டு ‘முன் வலம்’, ‘நடு’, ‘பின் இடம்’ என்று கூப்பிட்டு ஓடவிடுங்கள். நொண்டி ஆடிப் பழகிய கால்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து அந்த வரிசை. ராஜா முன்மேடையில், தூதன் பின்மேடையில் என்று வையுங்கள். தூதனைப் பார்த்துப் பேச ராஜா திரும்பியாக வேண்டும். சபைக்குத் தெரிவது அவர் முதுகும் ஜரிகைத் துண்டும்தான். காட்சி தூதன் கைக்குப் போய்விடும். ராஜாவின் பேச்சு முக்கியம் என்றால் அவரைப் பின்னால் தள்ளுங்கள். இருவருக்கும் சம இடம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பாதங்களைச் சபை நோக்கிச் சாய்வாக வைக்கச் சொல்லுங்கள். முகம் பாதி எதிராளிக்கு, பாதி சபைக்கு. மண்டியிடும்போது சபைப் பக்கத்து முழங்கால் தரையில் படட்டும். கை நீட்டும்போது சபைக்குத் தள்ளி இருக்கிற கை. கிட்டத்துக் கையை நீட்டினால் அது முகத்தையே மறைக்கும். இதைப் பெரியவர்களே மறந்துவிடுகிறார்கள்.

திடல் கதை வேறு. திரையும் சைடு விங்கும் உள்ள மேடை, ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி. அந்தப் பாணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்சி நாடகக் கம்பெனிகளோடு இங்கே பரவியது. தெருக்கூத்து களத்தில் ஆடுவது. சுற்றி ஆள் இருக்கும், பாத்திரம் நுழைய இரண்டு பேர் பிடிக்கும் திரை போதும். உங்கள் திடலும் அந்த மாதிரிதான். அங்கே யாரோ ஒருவருக்கு முதுகு காட்டாமல் நிற்க முடியாது, அதனால் ஒருவரும் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. நேர்கோட்டில் நடக்காமல் மூலைக்கு மூலை குறுக்காக நடக்கட்டும். சிம்மாசனம் மாதிரி உயரமான சாமான்களை ஆள் உட்காராத நாலாவது பக்கத்தில் வையுங்கள்.

இரண்டு இடத்தையும் டேப் பிடித்து அளந்து, சின்னதின் அளவில் ஒத்திகை பாருங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று கணக்குச் சொல்கிறது. நாம்தான் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறோம். அப்புறம், கடைசி ஒத்திகைக்கு மூன்று ஆசிரியர்களை மூன்று பக்கமும் உட்கார வையுங்கள். பேசுகிறவரின் முகம் கொஞ்ச நேரமாகத் தெரியவில்லை என்றால் அவர்கள் கையைத் தூக்கட்டும். அந்த இடத்தில் நிறுத்தி நடையை மாற்றுங்கள்.