மரபணுச் சோதனை தேவையா? – கடிதம்

வணக்கம்.

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் மாத்திரை வாங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறான். இப்போது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸும் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அவனுடைய நண்பர் ஒருவருக்கும் இதே நோய் வந்து, மருந்தே சாப்பிடாமல் தானாகக் குணமாகிவிட்டதாம். "நம் வம்சத்துக் கோளாறு" என்கிறார் பெரியப்பா. மரபணுச் சோதனை செய்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும் என்கிறது ஒரு தனியார் பரிசோதனைக் கூடம். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்காதீர்கள். தம்பியின் சிகிச்சைக்கு அந்தச் சோதனை தேவையில்லை.

ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் அது தானாகவே நீங்கிவிடுகிறது. ஏன் சிலருக்கு மட்டும் என்பதற்கு 2009-இல் ஒரு முக்கியமான விடை கிடைத்தது. நம் 19-ஆவது குரோமோசோமில், இண்டர்ஃபெரான் லாம்டா என்ற, வைரஸை எதிர்க்கும் புரதங்களுக்கான மரபணுக்களுக்கு அருகே, டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது. சாதகமான எழுத்து தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தவர்களுக்குக் கிருமி தானாக நீங்கும் வாய்ப்பு அதிகம். அன்றைய இண்டர்ஃபெரான் ஊசியும் அவர்களுக்கே நன்றாகக் கேட்டது. அமெரிக்கக் கறுப்பின நோயாளிகளுக்கு அந்த ஊசி குறைவாகப் பலித்ததில் ஏறத்தாழ பாதி வித்தியாசத்தை இந்த ஓர் எழுத்தே விளக்கியது.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள்ளேயே இந்த எழுத்து மாறலாம். இதில் கோளாறும் இல்லை, சாபமும் இல்லை. தவிர, எச்.ஐ.வி. தாக்குவது கிருமியை விரட்ட வேண்டிய அதே நோய் எதிர்ப்பு அணுக்களைத்தான். அதனால் தானாகக் குணமாகும் வாய்ப்பு தம்பிக்கு இன்னும் குறைவு. அந்த நண்பரோடு தம்பியை ஒப்பிடுவதே நியாயமில்லை.

கிருமியின் பக்கமும் வேறுபாடு உண்டு. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டுமே ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருளைக் கொண்ட வைரஸ்கள், தம்மை நகலெடுக்கும்போது பிழைகளைத் திருத்துவதில்லை. ஆகவே ஒரே உடலுக்குள் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட கூட்டமாக வாழ்கின்றன. ஹெபடைடிஸ் சி-யில் இதுவரை எட்டு மரபு வகைகள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் மூன்றாம் வகையே மிகுதி, அடுத்தது முதல் வகை. இங்கே ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. எச்.ஐ.வி. நம் மரபணுவுக்குள்ளேயே தன்னைப் பதித்துக்கொள்கிறது. அதனால் மாத்திரையை நிறுத்த முடியாது. ஹெபடைடிஸ் சி அப்படிச் செய்வதில்லை. அதன் பெருக்கத்தை நிறுத்தினால் அது உடலை விட்டே போய்விடும்.

போகவைக்கும் மருந்தும் இன்று இருக்கிறது. சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மாத்திரைகளை 12 வாரம் சாப்பிட்டால் 100-இல் 90-க்கும் மேற்பட்டவர்கள் முழுமையாகக் குணமாகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். உடலின் அந்த ஓர் எழுத்து இப்போது சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவை இலவசம். மரபணுச் சோதனை உண்மையிலேயே உதவும் இடமும் உண்டு: அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கும் முன், கடுமையான ஒவ்வாமை வருமா என்று பார்ப்பதற்கு. அது வேறு விஷயம்.

நீங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்க வேண்டியவை இவை. தம்பிக்குச் செய்தது கிருமி எப்போதாவது வந்ததா என்று காட்டும் எதிர்ப்பொருள் சோதனை மட்டுமா, கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. சோதனையும் ஆயிற்றா? கல்லீரலில் தழும்பு எவ்வளவு? சிர்ரோசிஸ் அளவுக்கு முற்றியிருந்தால் மருந்துச் சேர்க்கையும் காலமும் மாறும். ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறதா? இதைப் பார்க்காமல் சி-க்கு மருந்து தொடங்கினால், அடங்கியிருந்த பி தலைதூக்கக்கூடும். சாப்பிடும் எச்.ஐ.வி. மாத்திரையின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள். அதில் எஃபாவிரென்ஸ் இருந்தால் டக்லடாஸ்விரின் அளவைக் கூட்ட வேண்டும். இதையெல்லாம் தள்ளிப்போட வேண்டாம். எச்.ஐ.வி. கூட இருக்கும்போது கல்லீரல் விரைவாகக் கெடும். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் உங்களுக்குப் பஸ்ஸில் வந்துபோகும் தூரம்தான்.

அந்த நண்பரிடமும் பேசுங்கள். தானாகப் போய்விட்டது என்பதை ஆர்.என்.ஏ. சோதனையில் உறுதி செய்துகொண்டாரா என்று கேளுங்கள். உண்மையாகவே போயிருந்தாலும், ஒருமுறை வந்து போனது மறுபடி தொற்றாமல் காக்காது.